பத்து நிமிடத்தில் அணையும் கணினி

கல்யாணமாகி இரண்டாம் வருடம் என் மனைவி தலைப்பிரசவத்துக்கு யாழ்ப்பாணம் போனாள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் விவாதிக்கிற விஷயமல்ல. கண்டியிலும் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மாமியார், மகள் எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று மட்டும் கேட்டார். ஏற்றிவிட்டேன். அவள் போய் ஆறு கிழமையில் வடக்கில் போர் தொடங்கி, யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள்.

மகள் பிறந்த செய்தி எனக்கு இரண்டு நாள் பிந்தித்தான் கிடைத்தது. அவர்கள் திரும்பி வர வேண்டுமென்றால் படையினரின் அனுமதி வேண்டும், பிறகு கப்பலில் இடம் வேண்டும். இரண்டுக்கும் வரிசை. நான் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழிலும் தமிழ்க் கடிதங்களைச் சிங்களத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த கை, என் சொந்த விண்ணப்பத்துக்கு ஒரு பதிலை வாங்கித் தரவில்லை.

லண்டனில் இருந்த மைத்துனர்தான் அந்த மடிக்கணினியை ஊருக்கு வந்த ஒருவர் மூலம் அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சின்னக் கமெரா. ஞாயிறு தோறும் காலை பத்து மணிக்கு என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு கொமினிக்கேசனுக்கு, தொலைபேசியும் இணையமும் வாடகைக்குத் தருகிற கடைக்கு, போவாள். அரை மணித்தியாலம் அவளுக்கு. பின்னால் வேறு ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் நான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினேன்.

நான் இருந்தது கண்டி மஹய்யாவையில், ஓர் அக்காவின் வீட்டு முன்னறையில். அக்காவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மாநகரசபையில் வேலை, கணவர் இறந்து பல வருடம், வீட்டில் வேறு யாருமில்லை. முதல் ஞாயிறு நான் கூப்பிட்டுத்தான் வந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. அதற்குள் மொட்டைத் தலையும் ஒரு பக்கக் கன்னமும் தெரிந்ததும், “அய்யோ, எங்க ராசாத்தி!” என்று கன்னத்தில் கைவைத்தார். அந்த நிமிடத்திலிருந்து அது எங்கள் இருவருக்கும் பிள்ளையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கு அக்கா சாம்பிராணிச் சட்டியோடு வந்து நின்றார்.

“என்ன அக்கா இது?”

“புள்ளைக்குத் தம்பி. தலைக்கு ஊத்துன பொறகு பொக போடாட்டி சளி புடிச்சிரும்ல. அங்க போடுறாங்களோ என்னமோ.”

பிள்ளை இருநூறு மைலுக்கு அப்பால். அக்கா கணினியைத் திறக்கச் சொல்லி, பிள்ளையைக் குப்புறப் பிடிக்கிற மாதிரி ஒரு கையால் அதைத் தூக்கி, அடியில் சட்டியைக் காட்டினார். பிறகு இரண்டு பக்கமும். பிறகு நெற்றி மாதிரி இருந்த இடத்தில் ஒரு சிட்டிகை விபூதி. நான் சிரித்தேன். ஆனால் தடுக்கவில்லை. அந்த வாசத்தில் வீட்டில் ஒரு பிள்ளை இருப்பது போலத்தான் இருந்தது. போதாததற்கு அன்று முதல் முயற்சியிலேயே இணைப்புக் கிடைத்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான், தெரியும். தெரிந்தும் அடுத்த ஞாயிறு அக்கா கொஞ்சம் பிந்தியபோது, “அக்கா, சட்டி எங்க?” என்று குரல் கொடுத்தது நான்தான்.

இரண்டு மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு ஞாயிறு, கதைத்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. கணினி தானாக மறுபடி உயிர்பெற்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கறுத்தது. அடுத்த ஞாயிறும் அதே கதை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடம் தாண்டாது. அந்தப் பத்து நிமிடம் எப்படிப்பட்டதென்றால், பிள்ளை பஸ்ஸிலும் வெயிலிலும் வந்த எரிச்சலில் கத்துகிற நேரம். அழுது ஓய்ந்து, மூக்கைத் துடைத்து, இனி அப்பாவைப் பார் குஞ்சு என்று மனைவி அவளைத் திருப்புவாள். அந்த நேரம் பார்த்துச் சாகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பார்களே, எனக்கு அந்தப் பூசாரி மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். என் மகள் என்னைப் பார்க்காமலே வளர்ந்துகொண்டிருந்தாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. அலுவலகத்தில் கணினி தெரிந்த ஒருவர் வைரஸ் என்றார். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டோம். அதில் நான் சேர்த்து வைத்திருந்த பிள்ளையின் படங்களும் போய்விட்டன. ஒன்றே ஒன்று மனைவியின் மின்னஞ்சலில் மிஞ்சியிருந்தது, அதைத் திரையின் முகப்பில் போட்டு வைத்தேன். அணைவது நிற்கவில்லை. இன்னொருவர் கரண்டுதான் காரணம் என்றார், கண்டியில் இடி மின்னல் அதிகமாம். பற்றரியைக் கழற்றி ஓட்டிப் பார்த்தேன், பற்றரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தேன், சார்ஜரை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். டவுனில் ஒரு கடையில் மதர்போர்ட் போய்விட்டது, இனி எறிய வேண்டியதுதான் என்றார்கள். எறியச் சொன்னவனோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தேன்.

அக்காவின் தீர்ப்பு வேறு. “கண்ணு பட்டுருச்சு தம்பி. பக்கத்து வீட்டு ஆளுங்க வந்து பாத்துட்டுப் போனாங்கள்ல, அன்னையிலருந்துதான்.” அதனால் சாம்பிராணி கூடியது. முன்பு ஞாயிறு மட்டும், இப்போது வெள்ளியும். கணினி அணைய அணையப் புகை கூடியது, புகை கூடக் கூட அது இன்னும் விரைவாக அணைந்தது. பத்து நிமிடம் ஏழாகி, ஐந்தாகியது. நான் படித்தவன், இரண்டு மொழியில் எழுதுகிறவன். எனக்கு அது உறைக்கவேயில்லை.

கடைசியில் யாரோ கம்பளையில் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், ரேடியோ திருத்தி வந்தவர், இப்போது கணினியும் பார்க்கிறார் என்றார்கள். ஒரு சனிக்கிழமை கணினியைப் பையில் போட்டு பஸ் ஏறினேன். வழியில் சோதனைச்சாவடி. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் என்னை மட்டும் இறக்கினார்கள். பையைத் திறந்து, அதை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். இயக்கினேன். சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே பட்டென்று அணைந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் எதையோ அழுத்தி மறைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். பழுது, திருத்தத்தான் போகிறேன் என்று என் அலுவலகச் சிங்களம் முழுவதையும் கொட்டினேன். அதற்குள் அது தானாக மறுபடி எழுந்து, மிஞ்சிய அந்த ஒரே படத்தைத் திரை முழுக்கக் காட்டியது. மொட்டைத் தலை, கன்னத்தில் கறுப்புப் பொட்டு.

“துவத?” என்றான். மகளா என்று கேட்கிறான்.

“ஒவ், மகே துவ,” என்றேன். என் மகள்தான். அவன் மூடியை மெதுவாகச் சாத்தி, பையில் தானே வைத்து, பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டான். அவனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும், அன்று சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

நானாவின் கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய அளவு. தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார். கணினியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான்.

“எப்ப அணையுது தம்பி?”

“எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமைதான் கூட.”

“இந்தச் சாமானுக்கு ஞாயிறும் தெரியா, திங்களும் தெரியா. ஞாயிறண்டைக்கு நீங்க என்ன செய்ற?”

பிள்ளையோடு கதைப்பதைச் சொன்னேன். படம் ஓடினால் சூடு கூடும்தான் என்று தலையாட்டிக்கொண்டு ஆணிகளைக் கழற்றினார். அடி மூடியைத் தூக்கியதும் அவர் கை நின்றது. குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதுக்குள்ள சாம்பிராணி ஈக்குதே!”

எட்டிப் பார்த்தேன். காற்றாடியின் இதழ்களில் கறுப்பாகப் பிசின் பிடித்து, அதன் மேல் தூசியும் விபூதியும் ஒட்டி, பழைய கம்பளித் துண்டு போலக் கிடந்தது. சூடு வெளியே போகிற சல்லடை முழுவதும் அடைபட்டிருந்தது. மூச்சு விட வழியில்லாமல், சூடு தாங்காமல், எரிந்துபோகாமல் தப்பத்தான் அது தன்னையே அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது.

“எங்கட ஊட்டுலயும் வெள்ளி ராவைக்குப் போடுறதுதான். மனிசருக்கு நல்லம். இதுக்கு ஆகாது,” என்று சொல்லிக்கொண்டே தூரிகையும் ஸ்பிரிட்டும் எடுத்தார். இரண்டு மணித்தியாலம் இதழ் இதழாகத் துடைத்தார். பிறகு உள்ளே சூட்டைக் கடத்துகிற பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை தடவி மூடினார். பிள்ளையின் படத்தைத் திரையில் விட்டு, ஒரு மணித்தியாலம் ஓடவைத்து, நான் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை போக விடவில்லை. “மகள் நல்லா ஈக்கோணும்” என்று சொல்லித்தான் கையில் தந்தார். பள்ளிவாசல் பாங்கு கேட்டால் இன்றைக்கும் அந்த மனிதரை நினைப்பேன்.

பஸ்ஸில் வரும்போது ஏச்சுகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வீட்டு வாசலில் அக்கா நின்றார்.

“பொழச்சிருச்சா தம்பி?”

“பிழைச்சிட்டுது. உங்கட சாம்பிராணிதான் அக்கா இதைக் கொல்லப் பாத்தது. மூண்டு மாசமா என்ர பிள்ளையை என்னைப் பாக்க விடாமச் செய்தது நீங்கள்தான்!”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே ஏன் சொன்னேன் என்றாகிவிட்டது. அக்கா படியில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“எண்பத்திமூணு கலவரத்தில எங்களயெல்லாம் ஸ்கூல்ல அகதி காம்புல வெச்சிருந்தாங்கள்ல, அங்கதான் எனக்குப் பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. மழ. ஒரு கரித்துண்டு கெடைக்கல தம்பி, பொக போட. சளி கட்டி இருவத்தாறாம் நாளு போயிருச்சு.”

அத்தனை மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு அது தெரியாது. கேட்டதுமில்லை. நானும் படியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத சாதி நான். “அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கோ, நீங்கள் இல்லாமல் நான் கதைக்கமாட்டன்” என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். சட்டியில்லாமல், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். நடந்ததையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “அக்கா, இனி நான் இஞ்ச போடுறன். ஒவ்வொரு ஞாயிறும் போட்டுட்டுத்தான் பிள்ளையைக் கொண்டு வருவன். போட்டனோ எண்டு நீங்கள் கேளுங்கோ,” என்றாள். அன்றிலிருந்து இணைப்புக் கிடைத்ததும் அக்காவின் முதல் கேள்வி, “போட்டீங்களாம்மா?” அங்கிருந்து பதில், “ஓம் அக்கா, போட்டனான்.” அதன் பிறகுதான் என் முறை.

பத்தாவது நிமிடம் வந்தது, போனது. பதினைந்து. இருபது. பிள்ளை அழுது ஓய்ந்து திரும்பினாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நான் அவள் கண்களை ஆறுதலாகப் பார்த்தேன். நான் முகத்தை மேசைக்குக் கீழே ஒளித்து, மறுபடி காட்டினால் கெக்கலித்துச் சிரிப்பாள். ஞாயிறுக்கு ஞாயிறு அதே விளையாட்டு. பல் முளைத்ததையும், எழுந்து நின்றதையும், அந்தச் சதுரத்தைத் தொட்டு “அப்பா” என்றதையும் அந்தக் கடைசி இருபது நிமிடங்களில்தான் கண்டேன்.

அனுமதி கிடைத்தபோது அவளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கண்டிக்கு வந்து சேர்ந்தார்கள். பஸ் நிலையத்தில் நான் கைகளை நீட்டினேன். அவள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்து வீரிட்டாள். வீட்டுக்கு வந்தும் அதேதான். நான் கிட்டப் போனால் அழுகை. மனைவி பயணக் களைப்பு என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, முகம் கழுவுகிற சாட்டில் பின்னால் போனேன்.

அக்கா பின்னாலேயே வந்தார். “தம்பி, அந்தப் பொட்டிக்குப் பின்னால போய் ஒக்காருங்க.”

“எதுக்கு அக்கா?”

“புள்ளைக்கு நீங்க அதுக்குள்ளதான இருக்கீங்க. போங்க.”

போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அக்கா கணினியின் மூடியை என் முகத்தை மறைக்கும்படி நிறுத்தினார். இயக்கக்கூட இல்லை. மனைவி பிள்ளையை மேசைக்கு முன்னால் கதிரையில் நிற்க வைத்தாள். நான் மூடிக்கு மேலால் மெதுவாகத் தலையை உயர்த்தி, மறுபடி ஒளித்தேன். சத்தமில்லை. மறுபடி உயர்த்தினேன்.

கெக்கலித்த சிரிப்புக் கேட்டது. பிறகு, “அப்பா.”

அவள் மேசையில் ஏறி, கணினியை ஒரு கையால் தள்ளிவிட்டு, என் மூக்கைப் பிடித்தாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அழவில்லை அவள். நாங்கள் மூவரும்தான் அழுதோம்.

கொஞ்சம் கழித்து அக்கா அடுப்படியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். கையில் சட்டி.

“தம்பி, இப்பப் போடலாமா?”

“போடுங்கோ அக்கா,” என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன்.