பேன் பார்க்கிற அக்காவின் தொண்டை

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குப் பேன் பார்க்கிற அக்கா என்றுதான் பெயர். நினைவில்லாமல் கிடக்கிறவர்களின் முடியை வகிர்ந்து, தோலைத் துடைத்து, பசை தொட்டு ஒயர் ஒட்டுவது அவள் வேலை. ஒட்டி முடித்தால் மூளைக்குள் நடப்பது திரையில் கோடு கோடாக ஓடும். கட்டை மாதிரி கிடக்கிற உடம்புக்குள்ளே சத்தமில்லாமல் வலிப்பு வந்தால், அதையும் அந்தக் கோடுகள் போட்டுக்கொடுத்துவிடும்.

ஆண்டவன் அவளுக்கு எல்லாம் கொடுத்தான், தொண்டைக்கு மூடி போட மட்டும் மறந்துவிட்டான். அவள் வீட்டில் "சாப்பிட வாங்க" என்றால் எதிர்வீட்டுக்காரர் கை கழுவுவார் என்பது அவள் கணவரின் கிண்டல். தலைமை நர்ஸிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, வார்டுக்குள் மட்டும் பூனைக்குரலில் பேசப் பழகியிருந்தாள்.

அன்று ஜன்னலோரப் படுக்கையில் ஒரு லாரி டிரைவர். காதில் சீழ் வடிந்ததை "தானா சரியாப் போயிடும்" என்று விட்ட மனுஷன். கிருமி மூளையைச் சுற்றியுள்ள சவ்வு வரைக்கும் போய் மூளைக்காய்ச்சலாகிவிட்டது. காய்ச்சல் இறங்கியும், மயக்க மருந்தை நிறுத்தியும் கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் கோடுகளாவது மாற வேண்டும். மாறினால் மூளைக்குக் கேட்கிறது, நம்பிக்கை உண்டு. காலையில் அக்கா அவர் காதருகே போய், "அண்ணே, கண்ணத் தொறங்க" என்று பூனைக்குரலில் நயமாகக் கூப்பிட்டாள். கை தட்டினாள். ம்ஹூம். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். டிரைவரின் மனைவி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மத்தியானம் கோடுகள் திடீரென்று ஒரே தாளத்தில் எழும்பின.

"டாக்டர், வலிப்பு!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்தார் டாக்டர். ஊசி போடச் சொல்ல வாயெடுத்தவர், எதற்கும் பார்ப்போம் என்று போர்வையை விலக்கினார். உள்ளே மனைவியின் கை, பிள்ளையைத் தூங்க வைக்கிற மாதிரி அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வலிப்பு இல்லக்கா, தாலாட்டு" என்றார்.

ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் டாக்டர் முன்னாலா சறுக்க வேண்டும்? அக்காவுக்கு மானமே போயிற்று. தொண்டை திறந்துகொண்டது.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, தொடாதேன்னு! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் மட்டும் திரையைப் பார்த்தார். தட்டின கையை எடுத்தாயிற்று, யாரும் டிரைவரைத் தொடவில்லை, ஆனாலும் கோடுகள் வேறு மாதிரி ஓடின.

"அக்கா, இன்னொரு தடவ திட்டுங்க."

கேட்டவுடனே திட்டு வருமா? "தட்டாதீங்கம்மா..." என்று குழைந்தாள். கோடுகள் பழையபடி சோம்பிக் கிடந்தன.

"நல்லாத் திட்டுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்று மனைவி கெஞ்சினாள். அப்போதும் வரவில்லை. அந்தப் பெண் ஒரு நிமிஷம் யோசித்தாள். நேராகக் கணவரின் தலைமாட்டுக்குப் போனாள். அக்கா பார்த்துப் பார்த்து ஒட்டிய ஒயரில் ஒன்றைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"அடிப்பாவி! உனக்கு மூளை இருக்கா? முதுகு ஒடிய ஒட்டுனது உனக்கு வெளையாட்டா?"

மிச்ச ஒயர்களின் கோடுகள் அத்தனையும் குபுக்கென்று மாறின.

"கேக்குது! அவருக்குக் கேக்குது!" என்று கத்தினார் டாக்டர். திட்டியவளும் திட்டு வாங்கியவளும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அடுத்த வாரம் டிரைவர் கண் திறந்து, மூச்சு விடத் தொண்டையில் போட்டிருந்த குழாயையும் எடுத்த பிறகு, அக்கா அவர் தலையில் காய்ந்திருந்த பசையைத் துடைக்க வந்தாள். "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று பூனைக்குரலில் கேட்டாள். அவர் சும்மா தலையாட்டினார். அவள் நர்ஸ் பக்கம் திரும்பி, "பஞ்சு எங்கம்மா?" என்று பழக்கதோஷத்தில் சத்தமாகக் கேட்டதுதான் தாமதம், டிரைவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இந்தக் குரல்தான்!" கம்மிய தொண்டையில் கோபம் பொங்கியது. "ஏம்மா, என் பொண்டாட்டிய எதுக்கு அந்தத் திட்டு திட்டுனீங்க? எந்திரிச்சு வந்து கேக்கணும்னு எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"ஒயரப் பிடுங்குனா கொஞ்சவாண்ணே செய்வாங்க?" என்றாள், சொந்தக் குரலில்.

வார்டே திரும்பிப் பார்த்தது. தலைமை நர்ஸ் தானே பஞ்சை எடுத்து வந்து அவளிடம் நீட்டினாள்.