மண்வீட்டு வாசலில் ஒரு கை

வெண்ணெய்க் கத்தியால் உறையைக் கிழித்து முதல் இரண்டு வரியைப் படித்ததுமே, கடிதம் எந்த டப்பாவுக்குப் போக வேண்டும் என்று ஹுல்டா லிண்ட்குவிஸ்டுக்குத் தெரிந்துவிடும். சமையலறை மேசையில் மூன்று பிஸ்கட் டப்பாக்கள். "எங்கள் தாத்தா ஒரே ஒரு மாட்டோடு இந்த மண்ணில் வந்து இறங்கினார்" என்று தொடங்கும் குடும்பக் கதைகள் முதல் டப்பாவில் விழும். ஒரே ஒரு இரும்படுப்போடு வந்தவர்கள் இரண்டாவதில். எருது வண்டியில் பியானோவை ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் மூன்றாவதில். பியானோ டப்பாவை இப்போது மூட முடிவதில்லை.

"இத்தனை பியானோ வந்திருந்தா கோதுமை விதைக்க எடம் ஏது?" என்று டப்பாவிடமே கேட்டுவிட்டு அடுத்த உறையை எடுப்பாள்.

கனடாவின் புல்வெளி நடுவே இருக்கும் ஹார்ட்வெல் நகரத்துக்கு இந்த 1985-ல் எண்பது வயது. அதற்காக ஆதிக் குடியேறிகளின் குடும்ப வரலாறுகள் ஒரு தடித்த புத்தகமாக வரப்போகின்றன. அவரவர் குடும்பக் கதையை அவரவரே எழுதி அனுப்புகிறார்கள். ஹுல்டா இரண்டே விரல்களால் தட்டச்சு செய்கிறாள். வீரம், தியாகம், கண்ணீர் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிடுவாள். எத்தனை பிள்ளைகள், எந்த வருஷம் ஆலங்கட்டி மழை, யாருக்கு என்ன நோய் என்பதை மட்டும் விட்டுவைப்பாள். சந்தேகம் வந்தால் தொலைபேசி.

"உங்க தாத்தா நாலாம் பக்கத்துல காய்ச்சல்ல போறார். ஆறாம் பக்கத்துல குதிரை உதைச்சுப் போறார். எதுல போனார்?"

"ரெண்டுமே எங்க வீட்ல சொல்றதுதான், ஹுல்டா."

"ஒரு ஆளு ஒரு தடவை போனா போதும். எதுன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

அவளுக்கு எழுபது வயது. தோள் அகலம், நரைமுடி கழுத்தோடு வெட்டியது. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுப் பையிலிருந்து தன் செருப்பை எடுத்துப் போட்டுக்கொள்வாள். கை கழுவாமல் காபியைத் தொடமாட்டாள். மெத்தை நாற்காலியில் உட்காரமாட்டாள். அதில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கப் படும் பாட்டை ஊர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷம் பார்த்தவள். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டிவிடுவது அங்கே அவள் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய், வியாழன்களில் கறுப்புப் பையோடு கிளம்பி, குனிய முடியாத கிழவர் கிழவிகளுக்கு நகம் வெட்டிவிட்டு வருகிறாள். முகம் அவளுக்கு மறந்துபோகும். கையையும் காலையும் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் அவர்களுடைய கால் ஆணியைப் பற்றி விசாரிப்பாள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஹார்ட்வெல்லுக்கு அவள் வந்து முப்பத்தொன்பது வருஷமாகிறது. ஆனாலும் "புதுசா வந்தவங்க" கணக்கில்தான் இருக்கிறாள். புத்தகக் குழுவின் செயலாளராக அவளைப் போட்டதும் அதனால்தான். அவளுக்கென்று இங்கே தாத்தாவும் இல்லை, பியானோவும் இல்லை, சண்டைக்கு வரமாட்டாள்.

மூன்று டப்பாவிலும் சேராத ஒரு கடிதம் மட்டும் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் கிடந்தது. நான்கே வரி. "நாங்கள் 1901-ல் வந்தோம். எங்களிடம் ஒரு நாய் இருந்தது. என் அம்மா எல்லோருடைய படத்திலும் இருக்கிறாள், எங்களிடம்தான் ஒன்றும் இல்லை. அவளைப் புத்தகத்தில் போடவும்." கீழே மெத்தோடி ஸ்டெபனிஷின் என்று கையெழுத்து. ரயில் பாதைக்கு வடக்கே உக்ரேனியர் தெருவில் இருக்கும் எண்பத்தெட்டு வயதுக்காரர்; ஹுல்டாவின் வியாழக்கிழமை நகங்களில் ஒருவர். வயதான மூளை கொஞ்சம் கலங்கியிருக்கிறது என்று அவள் நினைத்தாள். ஆனாலும் தூக்கி எறியவில்லை. எதையும் தூக்கி எறிவதில்லை.

அக்டோபர் முதல் செவ்வாயன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் குழு கூடியது. தலைவி ஆக்னஸ் மக்ரே வழக்கம்போல டஃபி என்ற தன் கொழுத்த நாயோடு வந்து மேசையின் தலைப்பக்கம் உட்கார்ந்தாள். நகராட்சியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஊர் தெற்கே வளர்கிறது. வில்லோ ஓடை வளைவில் முந்நூறு புது வீடுகள் எழும்பப்போகின்றன. அந்த வளைவில் முன்பு ஒரு மண்வீடு இருந்ததாமே, அது யாருடையது? அந்தக் குடும்பத்தின் பெயரைப் பெரிய தெருவுக்கு வைக்கலாம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெரிவிக்கவும்.

"இதுல என்ன கேள்வி?" என்று ஆக்னஸ் பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வைத்தாள். பின்னால் ஓடை வளைகிறது. புல்மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிய வீடு. முன்னால் மக்ரே குடும்பம் விறைத்துக்கொண்டு நிற்கிறது. "இது எங்க வீடு. எங்க பாட்டிக்குச் சுத்தம்னா உயிரு. அதான் மண்வீட்டுக்கும் வெள்ளை."

பக்கத்தில் இருந்த மேபல் பெட்டிக்ரூ தன் பையைத் திறந்தாள். அதே வீடு. முன்னால் பெட்டிக்ரூ குடும்பம்.

"உங்க பாட்டியா? அந்த ஜன்னல் கண்ணாடி எங்க தாத்தா ரயில்ல மடியில வச்சுக் கொண்டாந்தது."

"அப்ப எங்க பாட்டி உங்க வீட்டு வாசல்ல எதுக்கு நிக்கறா?"

"அதை நீ உங்க பாட்டியைத்தான் கேக்கணும்."

கடைசியில் மேசையில் ஏழு படங்கள் சேர்ந்தன. ஹுல்டா அவற்றைச் சீட்டுக்கட்டு போல வரிசையாக அடுக்கினாள். ஏழிலும் ஒரே ஜன்னல், ஒரே கோணல் புகைக்குழாய். திருப்பினால் ஏழின் முதுகிலும் ஒரே படக்காரரின் முத்திரை, 1904 ஜூலை.

"ஏழு குடும்பம், ஒரு புகைக்குழாய். நெருக்கடியாத்தான் இருந்திருக்கும்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "ஊர் ஊராப் போற படக்காரன் வந்திருக்கான். சீமைக்கு அனுப்பற படத்துல யாரு தன்னோட ஒழுகற வீட்டைக் காட்டுவா? இருக்கறதுலயே நல்ல வீட்டு முன்னாடி எல்லாரும் போய் நின்னிருக்காங்க. பேரன் பேத்திங்க அதை நம்ம வீடுன்னு நெனச்சுட்டீங்க."

"சரி, அப்ப வீடு யாரோடது?"

"ஏழு பேர்ல ஒருத்தரோடதா இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியலேன்னா மக்ரே தெருன்னு எழுதிடு," என்றாள் ஆக்னஸ். "தலைவிங்கறதுக்காகச் சொல்லல. சொல்றதுக்குச் சுலபம்."

ஹுல்டா படங்களை வீட்டுக்கு எடுத்துவந்து, நகச்சுற்றுப் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்து ராத்திரி சாப்பாடு ஆறும்வரை பார்த்தாள். ஏழு படத்திலும் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நிலைக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டிருந்தது, முழங்கைவரை சுருட்டிய சட்டையோடு. அந்தக் கை ஒரு கயிற்றைப் பிடித்திருக்க, கயிற்றின் முனையில் நாய். ஐந்து படத்தில் நாய் துள்ளியதால் வெறும் மங்கல். கை ஒன்றில்கூட ஆடவில்லை.

வியாழக்கிழமை மெத்தோடியின் சமையலறையில், வெந்நீர்ப் பேசினில் அவர் விரல்களை ஊறப்போட்டாள்.

"நர்ஸம்மா, என் கடுதாசி எந்த டப்பாவுல இருக்கு?"

"நான் நர்ஸ் இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? எந்த டப்பாவுலயும் இல்ல. சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில இருக்கு. விரலை ஆட்டாதீங்க."

"ஏன் டப்பாவுல போடல?"

"அதுல மாடு இல்ல, பெரியவரே."

"மாடெல்லாம் இருந்துச்சு. மாட்டைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? நாய்தான் நாய்."

கட்டைவிரலிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தவள் சுண்டுவிரலைப் பிடித்ததும் நின்றாள். அவருடைய சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து, மற்ற விரல்களோடு சேர மறுத்துத் தனியே நிற்கும். நான்கு வருஷமாக அதை வெட்டுகிறாள். நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த விரல் எங்கேர்ந்து வந்தது?"

"அம்மா குடுத்தது. நாங்க அஞ்சு பேரு, எனக்கு மட்டும்தான் வந்துச்சு. அம்மாவுக்கு ரெண்டு கையிலயும் இருக்கும். மாவு பிசையறப்போ அது ரெண்டு மட்டும் வேலை செய்யாம வேடிக்கை பாக்கும்."

அவர் கையைத் துடைத்து, ஈரம் போனபிறகுதான் படத்தைக் கொடுத்தாள். பூதக்கண்ணாடியைச் சரியான இடத்தில் பிடித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த கையில் மூன்று விரல்கள் மூடியிருந்தன. நான்காவது வேடிக்கை பார்த்தது.

மெத்தோடி முதலில் நாயைத்தான் பார்த்தார். "பூர்க்கோ!" என்றார், நாய் வாசலில் வந்து நிற்பதுபோல. பிறகு கண்ணாடி கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"படக்காரரோட கறுப்புத் துணியைக் கண்டா அதுக்கு ஆகாது. எங்க வீட்டு முன்னாடி படம் எடுத்த மூணு நாளும் அம்மாதான் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்பா ரயில் பாதை போடற வேலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாம எப்படிப் படம் எடுத்துக்கறது, வரட்டும்னு சொல்லிட்டா. அவர் வர்றதுக்குள்ள படக்காரர் அடுத்த ஊருக்குப் போயிட்டார். அப்புறம் நாங்க அந்த எடத்தை விட்டு இந்தப் பக்கம் வந்துட்டோம்." மூக்கை உறிஞ்சினார். "நான் எல்லார் படத்துலயும் இருக்கேன்னு அம்மா சொல்லுவா. எங்க, ஒண்ணு காட்டுன்னு பிள்ளைங்கள்லாம் சிரிப்போம். நானும்தான் சிரிச்சேன்."

ஹுல்டா நகவெட்டியை மறுபடி எடுத்தாள். "அடுத்த கை," என்றாள். அவர் நீட்டினார்.

இரண்டு நகம் ஆனபிறகு கேட்டாள்: "நாய் கடிக்குமா?"

"பாவம், ஒரே ஒரு பையனைத்தான் கடிச்சுது. மக்ரே வீட்டு ஆங்கஸ். பின்பக்கம். ஒரு வாரம் நின்னுக்கிட்டே சாப்பிட்டானாம்."

அந்தச் சமையலறையில் ஹுல்டா சிரித்தது அன்றுதான். மக்ரே குடும்ப வரலாற்றை அவள் ஏற்கெனவே தட்டச்சு செய்துவிட்டாள். எட்டு வயதில் ஆக்னஸின் அப்பா ஆங்கஸ் ஓநாயோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்ற கதைதான் அதன் மூன்றாம் பக்கம். தழும்பு கடைசிவரை இருந்தது என்று முடியும். எந்த இடத்தில் என்று அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆங்கஸைக் குளிப்பாட்டியவள் ஹுல்டா. நேருக்கு நேர் நின்றவருக்கு அந்த இடத்தில் எப்படிக் கடி விழுந்தது என்பது அவளுக்கு வெகுநாள் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை காலை மெத்தோடிக்குக் கழுத்துப்பட்டையைத் தானே கட்டிவிட்டு, தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தேவாலயக் கீழ்த்தளத்தில் ஏழு படங்களையும் பரப்பி, அவற்றின் நடுவே அவர் கையை எடுத்து வைத்தாள், ஏதோ எட்டாவது படம்போல. பூதக்கண்ணாடி கை மாறிக் கை மாறிப் போனது. மேபல் பெட்டிக்ரூ முதலில் ஒப்புக்கொண்டாள். தனக்குக் கிடைக்காதது ஆக்னஸுக்கும் கிடைக்கவில்லை என்பதில் அவளுக்கு நிம்மதி.

ஆக்னஸ் கண்ணாடியைக் கீழே வைத்தாள். "இருக்கலாம். ஆனா ஸ்டெபனிஷின் தெருன்னு எப்படி வைக்கறது? பனி தள்ளற வண்டிக்காரன் பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள தெரு முடிஞ்சிடும்."

"தெருவும் நீளந்தான்," என்றாள் ஹுல்டா.

"ஒரு சுண்டுவிரலை வச்சு வரலாறு எழுத முடியுமா? வேற ஏதாவது சாட்சி வேணாமா?"

"அதுவும் சரிதான். பெரியவரே, அந்த நாய் யாரையோ கடிச்சுதுன்னீங்களே. 1904-ல, படம் எடுத்தப்போ. யாரை, எங்கேன்னு சொல்லுங்க. புத்தகத்துல ஏறின வேற எதோடயாவது ஒத்துப்போகுதான்னு பாத்துடலாம்."

ஆக்னஸின் கை டஃபியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. கை நின்றது. தழும்பு இருந்த இடம் மகளுக்கும் தெரியாமலா இருக்கும். கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது.

மெத்தோடி ஆக்னஸைப் பார்த்தார். பிறகு ஹுல்டாவை. பிறகு கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "வயசாயிடுச்சும்மா. யாரோ ஒரு பையன். பேரு நெனவில்ல. அந்தக் காலத்துல ஓநாய்ங்க வேற ஜாஸ்தி."

"ஆமா, ஜாஸ்தி," என்றாள் ஆக்னஸ் அவசரமாக. கொஞ்சநேரம் கழித்து, "எழுத்தைக் கொஞ்சம் சின்னதாப் போட்டா பலகையில அடங்கிடும்," என்றாள். மணி பதினொன்றே முக்கால். ஹுல்டா கடிதத்தை முந்தின நாளே தட்டச்சு செய்து பையில் வைத்திருந்தாள். ஆக்னஸ் கையெழுத்துப் போட்டாள். ஓநாய் மூன்றாம் பக்கத்தில் உயிரோடு இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் ஹுல்டா எதையும் அடிக்கவில்லை.

மாதக் கடைசியில் ஓடை வளைவில் பலகை நட்டார்கள். தொப்பியைப் பறிக்கிற காற்று. தெரு என்று இன்னும் எதுவும் இல்லை. சேறு, குச்சி நட்டுக் கட்டிய கயிறு, அப்பால் கோதுமை அறுத்த தாள். பலகைக்கு அடியில் மெத்தோடிக்கு நாற்காலி போட்டு, அவரைச் சுற்றி ஏழு குடும்பத்து ஆட்களும் நின்றார்கள். பத்திரிகைப் படக்காரர் முக்காலியைப் பிரித்ததும் டஃபி அதன்மேல் பாயப் பார்த்தது.

"ஹுல்டா, நீ இவனைக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்," என்றாள் ஆக்னஸ். கோபமில்லை, நல்ல குரலில்தான் சொன்னாள். "இது பழைய குடும்பங்களோட படம், பாரு."

"குடு," என்று ஹுல்டா நாயின் வாரை வாங்கிக்கொண்டாள். ஓரமாகப் போய், படத்துக்கு வெளியே பலகைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். நாற்காலியிலிருந்து மெத்தோடி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நேரா பாருங்க, பெரியவரே. முதுகு கூன வேணாம்."

அவர் நிமிர்ந்தார். படக்காரர் மூன்று எண்ண ஆரம்பித்தார். ஹுல்டா வலது கையுறையைக் கழற்றினாள். நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கோட்டின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, வாரைப் பிடித்திருந்த கையைக் கம்பத்துக்கு இந்தப் பக்கமாக நீட்டி, ஆடாமல் வைத்துக்கொண்டாள்.