ஜன்னல் இல்லாத அறையின் ஜன்னல்

தம்பி உப்புக் காற்றை ஜெயித்தான், லாட்ஜ் முதலாளியை ஜெயித்தான், கடைசியில் ஓர் ஈரத் துண்டையும் ஜெயித்தான். இதில் எது பெரிது என்று கேட்டால் அக்கா யோசிக்காமல் துண்டைத்தான் சொல்வாள்.

கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் வீட்டுக்கு, பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த தம்பி தூரிகைகளோடு வந்து சேர்ந்தான். அதற்கு முன் அவன் கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தான். ஜன்னலே இல்லாத பின்னறைச் சுவரில் ஒரு ஜன்னலும், அதற்கு அப்பால் கடலும் வரையச் சொன்னார் லாட்ஜ் முதலாளி. அவருக்குப் பிடிக்காவிட்டால், அக்காவின் கணவருடைய ஹார்டுவேர் கடைக் கல்லாவில் தம்பி உட்கார வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேச்சு.

தம்பி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். கோட்டுக்குக் கீழே பளீரென்று நீலம். அறை கூட்ட வந்த அம்மாள் துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தாள்.

"என்னப்பா, கடலுக்கு இஸ்திரி போட்டிருக்க?"

தம்பிக்கு முகம் செத்துப்போனது. மறுநாளிலிருந்து கடற்கரையே கதியாகக் கிடந்தான். கடல் காலையில் சாம்பல், மதியம் பாசி, மழைக்கு முன் ஆறிப்போன டீ. நீலம் மட்டும் வருவதில்லை என்று அக்காவிடம் புகார் சொன்னான். அக்கா ஸ்கேலைப் பிடுங்கி பீரோவில் பூட்டினாள். ஈரமான உப்புக் காற்றில் பெயின்ட் காயாமல் வழிந்தபோது, துடைக்காமல் அந்த வழிசலையே நுரையாக இழுத்துவிட்டான். ஜன்னல் சட்டத்தில் மட்டும் பெயர்ப்பலகை எழுதிய பழைய கை. துருப்பிடித்த கொக்கிவரை அச்சு அசல்.

முதலாளி உதட்டைப் பிதுக்கினார். கடல் இவ்வளவு அழுக்காகவா இருக்கும்? யாராவது தங்கிப் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றார். அக்காவின் கணவர் கல்லாவைத் துடைத்து நாற்காலியும் போட்டு வைத்தார்.

முதலில் தங்கியவர் மறுநாள் குளித்துவிட்டு, மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் கீழே வந்து சத்தம் போட்டார்.

"ஜன்னல்ல துண்டு காயப்போட்டா தரையில விழுது. கொக்கியும் கழல மாட்டேங்குது. என்னய்யா லாட்ஜ் நடத்துறீங்க?"

முதலாளி தம்பிக்கு ஆள் அனுப்பினார். அக்காவும் பின்னாலேயே ஓடினாள்.

"ஜன்னல் இல்லாத மிச்ச ரூமுக்கும் போட்டுடு," என்றார் முதலாளி. "ஆனா கீழ உன் பேரை எழுதித் தொலை. படம்னு தெரியட்டும்."

ஊரார் பெயரையெல்லாம் எழுதியவன், தன் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல் விழித்தான்.

"கொக்கிக்குப் பக்கத்துல போடுடா," என்றாள் அக்கா. "அங்கதான் கை வைப்பாங்க."

போட்டான். தேதியையும் அவள்தான் சொல்லிச் சொல்லி எழுதவைத்தாள்: 1998, பிப்ரவரி 11, புதன்கிழமை.