கேட்காமல் பார்த்த பட்டியல்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை. என் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். கீழ் வீட்டு ஸ்டெல்லா அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தார். ஆனாலும் பிராட்பேண்ட் கம்பெனி கொடுத்த ரவுட்டரில் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. யாருக்காக?

சேலையூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கனெக்ஷன். என் ஜன்னலிலிருந்து அக்காவின் ஜன்னலுக்கு ஒரு நீலக் கேபிள் இறங்கும். நான் நெட்வொர்க் வேலை பார்ப்பவள். காரணமில்லாமல் விளக்கு சிமிட்டினால் கை சும்மா இருக்காது. வெளியே போகும் லைனில் ஒரு பழைய ஹப்பைச் செருகினேன்; லைனில் போவதை அது என் கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் தரும். கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, என்ன போகிறது என்று பார்த்தேன்.

ஒரு பட்டியல் போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள் நாங்கள் பார்த்த வெப்சைட்கள் — நேரத்தோடு, எந்தக் கம்ப்யூட்டர் என்பதோடு — கம்பெனியின் சர்வருக்கு!

கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை எடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம், அடியில் பொடி எழுத்து... எங்கும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கஸ்டமர் கேருக்கு போன் செய்தேன். சர்வீஸை மேம்படுத்தத்தான் என்றார் பேசியவர். எங்களிடம் கேட்கவே இல்லையே என்றேன்.

"கேட்டா யார் மேடம் ஒத்துப்பாங்க?"

நேர்மையான மனிதர். புகாரை மெயிலில் அனுப்புங்கள், அந்தப் பட்டியலையும் இணையுங்கள் என்றார்.

அங்கேதான் இடித்தது. என் பங்கு, ரயில் டைம்டேபிளும் இரண்டு சமையல் குறிப்பும். அக்காவின் பங்கு... இரண்டரை மணி நேரம், ஒரு வரன் தேடும் தளம். அக்கா ஸ்கூல் டீச்சர். வயது நாற்பத்திரண்டு. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், பேப்பர் திருத்த வேண்டும் என்று எழுந்து போய்விடுவார்.

அதைக் கம்பெனியில் யாராவது படித்தார்களோ என்னவோ. நான் படித்துவிட்டேன். அவரிடம் கேட்காமல்.

அழித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாமா? அப்படியானால் எனக்கும் கம்பெனிக்கும் என்ன வித்தியாசம்? மதியம் கீழே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு கேட்டார்.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சர்ச்ல தெரிஞ்சா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்க. அதான் ஒளிஞ்சு பாத்தேன்." பெருமூச்சு விட்டார். "பரவால்ல, நீயாவது வந்து சொன்ன. அந்தப் பொட்டி வாயே திறக்கல பாரு."

என் பங்கை மட்டும் இணைத்துப் புகார் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து டெக்னீஷியன் வந்து அந்த அனுப்புதலை நிறுத்தினார். அவர் போனதும் மறுபடி ஹப்பைச் செருகிப் பார்த்தேன். ஒன்றும் போகவில்லை. விளக்கு சமர்த்தாக இருந்தது.

அன்று மாலை அக்கா மூன்று பிரின்ட்அவுட்டோடு மாடி ஏறி வந்தார். "நீதான் பாத்துட்டியே... இதுல யாரு தேறுவாங்கன்னு சொல்லு."

ஒருவர் தானாகவே காட்டும்போது பார்ப்பது எவ்வளவு நிம்மதியான விஷயம்! பல்லாவரத்துக்காரருக்கு என் ஓட்டு.

இதையெல்லாம் எழுதலாமா என்று அக்காவிடம் முறைப்படி கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "நிச்சயம் ஆகட்டும். அப்புறம் எழுது."

எழுதிவிட்டேன்.