கேமுக்கு அன்டனா பிடித்த அப்பா

பத்து வயது ஆகும்வரை நான் என் அப்பாவை ‘அப்பா’ என்று கூப்பிட்டதே கிடையாது. கோபதாபம் ஒன்றுமில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். நான் தவழ்கிற வயதிலேயே அவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். தீபாவளி, பொங்கல், தோட்டத்துத் திருவிழா என்று வருடத்தில் மூன்று முறை வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வருவார். வந்த மூன்றாம் நாள் அதே பாதையில் இறங்கிப் போவார். இதற்குள் அவரிடம் என்னத்தைப் பேசுவது? அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நான் அம்மாவிடம் “அவங்களுக்குத் தேத்தண்ணி போதுமாம்” என்பேன். “வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? அப்பான்னு கூப்புட்டுப் பேசேன்” என்று அம்மா திட்டுவாள். விடு, பழகும் என்று அப்பா சிரிப்பார். பழகுவதற்குள் அவருடைய ரயிலுக்கு நேரமாகிவிடும்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடத் தீபாவளிக்கு அவர் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தார். முதலாளி வீட்டுப் பிள்ளைகள் விளையாடி அலுத்து அலுமாரியில் போட்டு வைத்திருந்தது. வெள்ளைப் பெட்டி பழுத்து மஞ்சளாகியிருந்தது. மகளுக்கு என்று கேட்டு வாங்கியதோடு, அதை மாட்டும் விதத்தையும் அந்தப் பிள்ளைகளிடமே படித்துக்கொண்டு வந்திருந்தார். டிவிக்குப் பின்னால் அன்டனா வயரைப் பிடுங்கு, இந்த வயரைச் செருகு, முன்னால் இருக்கும் குமிழைத் திருப்பு. இதை ரயிலில் வரும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

எல்லாம் சரி, குமிழ் வைத்த எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவி இரண்டு மாதத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. அந்த இடத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய சித்தி கொண்டுவந்த புது கலர் டிவி உட்கார்ந்திருந்தது. அதில் குமிழும் இல்லை, கிமிழும் இல்லை. ஒரு ரிமோட்தான். அப்பா டிவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தைரியமாக அன்டனா வயரைப் பிடுங்கிக் கீழே போட்டு, கேமின் வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டார். திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்தன. அவர் முகம் சுருங்கியது. மறுநாள் காலையில் அவர் கொழும்புக்குப் புறப்பட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் டிவியில் புள்ளி விழுந்தால் யாரும் டிவியைப் பார்க்க மாட்டார்கள், மலையைத்தான் பார்ப்பார்கள். பள்ளத்தில் இருக்கும் லயத்துக்குப் படம் எடுக்காது. அதனால் அன்டனாவை மேலே மலை உச்சியில் நட்டு, அங்கிருந்து நீளமாக வயர் இழுத்திருப்பார்கள். புள்ளி விழுந்தால் ஒருவர் மலையேறி அன்டனாக் குழாயைத் திருப்ப வேண்டும், ஒருவர் வாசலில் நின்று சத்தம் கொடுக்க வேண்டும். எங்கள் குழாய்க்குக் கட்டு தளர்ந்து போனதால் காற்றில் சுற்றிக்கொள்ளும். நல்ல படம் ஓடும் நாளில் ஆள்மாற்றி ஆள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

அப்பாவும் இந்த மலைக்காரர்தானே. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். அவர் ஏறியதை எனக்கோ அம்மாவுக்கோ தப்பென்று தோன்றவே இல்லை. அம்மா ரிமோட்டைக் கையில் எடுத்து, டிவி மாட்ட வந்தவன் செய்தது போலவே சேனல் தேடும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதனால் வாசலில் நின்று சத்தம் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

திடீரென்று புள்ளிகள் மறைந்தன. நீல வானத்தில் ஒரு குட்டி விமானம் பறந்தது. உடனே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேலும் திருப்பிவிடுவார். மலை உச்சியில் நிற்கிறவரை ‘அவங்க’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாரா?

“அப்பா! வந்துருச்சு! ஆட்டாம புடிங்க!”

மேலே அந்த உருவம் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு, புடிச்சிருக்கேன் என்று குரல் வந்தது.

அவ்வளவுதான், நான் உள்ளே ஓடி உட்கார்ந்துவிட்டேன். என் விமானம் போன வேகத்தில் விழுந்தது. எனக்கு விளையாடத் தெரியவில்லை என்று நான் நினைப்பேனா? வாசலுக்கு ஓடி, “அப்பா, ஆட்டுனீங்களா?” என்று அதட்டினேன். இல்லம்மா, ஆட்டல என்றார். விமானம் விழும்போதெல்லாம் இதே விசாரணை. அன்று விழுந்த விமானங்களுக்குக் கணக்கே இல்லை. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நவம்பர் மாத மலை மழை, எலும்பு வரைக்கும் போகும். அப்பா, இருக்கீங்களா என்று கத்துவேன். இருக்கேம்மா என்று மழைக்குள்ளிருந்து பதில் வரும்.

அம்மா குடையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போனவள் குடையை அவரிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நனைந்து வந்தாள். அப்பா எப்போது இறங்குவார் என்று நான் கேட்கவில்லை, இறங்கிவிடுவாரோ என்றுதான் கேட்டேன். அம்மா என் தலையைத் தடவி, “அப்பப்போ சத்தம் குடுத்துக்கிட்டே வெளையாடு” என்றாள். எப்போதும் டிவி சத்தத்துக்கே திட்டுகிறவள் சத்தம் போடச் சொல்கிறாளே என்று ஆச்சரியமாக இருந்தது.

இருட்டத் தொடங்கியபோது அப்பா விறைத்த விரல்களோடு வந்து சேர்ந்தார். ஏன் அதற்குள் இறங்கினீர்கள் என்று நான் சண்டை பிடித்தேன். கை மரத்துப்போச்சு, மன்னிச்சுக்கம்மா என்றார். விமானம் அப்போதும் பறந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை. அன்டனாவை அவ்வளவு உறுதியாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறார் என்று பெருமைதான் வந்தது. எங்க அப்பா மாதிரி அன்டனா புடிக்க ஆளே இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

எனக்குத் திருமணமாகி ஒரு மகள் பிறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள். அன்றைக்குக் குடையோடு மேலே போனதே, அன்டனா வயர் டிவிக்குப் பின்னால் பிடுங்கினபடி கிடப்பதைச் சொல்லி அவரைக் கூட்டிவரத்தானாம். அந்த மழைக்கு நான் என் அப்பாவுக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: “தெரியும். கொழாயத் தொட்ட ஒடனேயே ஞாபகம் வந்துருச்சு. எறங்கலாம்னு கால எடுத்தேன், புள்ள அப்பான்னு கூப்புட்டுருச்சு. நீ போ. இன்னும் கொஞ்ச நேரம் கூப்புடட்டும்.”