சாவடியில் பிடிபட்ட சுவீடன் பாம்பு

போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வந்த வெளிநாட்டவர்களுக்குத் திருகோணமலையில் ஓர் அலுவலகம் இருந்தது. நான் அங்கே மொழிபெயர்ப்பாளர். ஆட்கள் வந்து அழுது சொல்வதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். அது கோப்பாகி அலுமாரிக்குள் போய்ச் சேரும். அங்கிருந்து எதுவும் வெளியே வந்ததை நான் கண்டதில்லை.

என் மேலதிகாரி சுவீடன்காரர், ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். முறைப்பாடு கேட்கும்போது கொட்டாவி விடுபவர், தன் ஊரிலுள்ள பழைய கல்லைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் கதிரை நுனிக்கு வந்துவிடுவார். அந்தக் கல்லில் ஒரு பாம்பு செதுக்கப்பட்டிருக்கிறதாம்; அதன் உடம்பு நீளத்துக்கும் குச்சி குச்சியாக எழுத்துகள். இறந்த மகனுக்காகத் தகப்பன் நட்டது என்ற முதல் வரி மட்டும் விளங்குகிறதாம். மிச்சத்தை ஆளுக்கொரு விதமாக வாசித்துவிட்டு, பேராசிரியர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லையாம்.

அதைப் பற்றி ஒரு பாடசாலையில் பேச ஆசைப்பட்டார். நல்லெண்ணம் வளருமாம். கல்லைத் தானே ஒரு தாளில் வரைந்து, தமிழில் விளக்கம் எழுதச் சொல்லித் தந்தார். வீட்டில் வைத்து எழுதலாமென்று அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நிலாவெளி பஸ்ஸில் ஏறினேன்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் துழாவிய பெண் சிப்பாய் தாளை விரித்தாள். அவள் முகம் மாறியது. பஸ் போய்விட்டது, நான் அதிகாரியின் கொட்டிலுக்குள் நின்றேன்.

அவர் பாம்பின் வளைவில் விரலை வைத்தார். "இது கரையோர ரோட்டு தானே? வால் நிலாவெளி பக்கம், தலை திரியாய் பக்கம்?"

"இல்லை சேர், அது பாம்பு."

"இந்தக் கோடு எல்லாம்? நம்ம காவலரணா?"

"எழுத்து சேர். ஆயிரம் வருசப் பழைய கல்லில வெட்டினது."

"என்ன எழுதியிருக்கு?"

"ஒருத்தருக்கும் தெரியாது சேர். அதுக்குத் தமிழில விளக்கம் எழுதத்தான் கொண்டுபோறன்."

"ஒருத்தருக்கும் தெரியாததை மிஸ் எப்படி தமிழ்ல எழுதப்போறது?"

நியாயமான கேள்வி. அதை நானே என் மேலதிகாரியிடம் கேட்டிருக்க வேண்டும்.

திடீரென்று அவர் குரல் தாழ்ந்தது. "இந்தக் கல் எங்க கிடைச்சது?"

அவருடைய உண்மையான பயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் மாவட்டத்தில் குண்டு கிடைத்தால் அகற்றிவிட்டுப் போவார்கள். எழுத்துள்ள பழைய கல் கிடைத்தாலோ, இங்கே முதலில் வந்தது யார் என்ற சண்டை தொடங்கும். பிறகு பெயர்ப்பலகை வரும், பலகைக்குக் காவல் வரும், வயலுக்குப் போகும் பாதை மூடப்படும்.

"சுவீடனில சேர்."

"இங்க இல்லையா?"

"இல்லை சேர்."

"நிச்சயமா?"

"ஓம் சேர். அங்கதான் நிக்குது."

அவர் பெருமூச்சு விட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். என்னை விட்டார், தாளை விடவில்லை. மேலிடம் பார்க்க வேண்டுமாம்.

மறுநாள் நடந்ததைச் சொன்னபோது சுவீடன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை தூரத்தில் தன் கல்லுக்கு இவ்வளவு மரியாதையா! உடனே முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்தார். நான் தமிழில் முறையிட்டேன், நானே ஆங்கிலத்தில் எழுதினேன், மொழிபெயர்ப்பு சரியென்று நானே கையொப்பமும் வைத்தேன். இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது: 'போர்நிறுத்த மீறலா, இல்லையா என்று தீர்மானிக்க இயலவில்லை.' கீழே சுவீடன்காரரின் கையொப்பம்.

பாடசாலையில் அவர் கரும்பலகையில் பாம்பை வரைந்து பேசினார். நான் தமிழில் சொன்னேன். முடிந்ததும் கணித ஆசிரியர் எழுந்தார். அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பல வருடங்கள், திரும்பி வரவில்லை. மண்டபத்தில் எல்லோருக்கும் அது தெரியும், பேசியவரைத் தவிர.

"அந்தத் தகப்பன் கல்லு நட ஆரிட்டயும் அனுமதி எடுத்தவரோ?"

ஆங்கிலத்தில் சொன்னேன். சுவீடன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அனுமதி எதற்கு, விரும்பிய இடத்தில் நடலாம், எல்லோரும் பார்க்கும்படி வீதியோரத்தில் நடுவதுதான் வழக்கம் என்றார்.

அதையும் தமிழில் சொன்னேன்.

"நல்லது" என்றுவிட்டு ஆசிரியர் அமர்ந்தார். சுவீடன்காரர் பாம்பின் வாலை விளக்கத் தொடங்கினார்.