நல்ல பிழைக்கு நாலு புள்ளி

விடை இருக்கும் கடைசி வரியை பஸ் டிக்கெட்டால் மறைத்துவிட்டுத்தான் உஷாந்தி மிஸ் தாளை வாசிப்பார். பாமன்கடையில் பஸ் ஏறினால் பொரளைக் கல்லூரி வரும்வரை மடி நிறைய பௌதிகவியல் தாள்கள். பக்கத்தில் இருப்பவரையும் விடமாட்டார். “அன்ரி, இந்தப் பிள்ளை எவ்வளவு வடிவாப் பிழை விட்டிருக்கு, பாருங்கோவன்!”

அவர் புள்ளி போடும் விதமே தனி. விளக்கவிடை கைக்கு வந்தபின் மாணவர் தன் பிழையைத் தானே பிடித்து, ஏன் பிழைத்தது என்று பச்சைப் பேனாவால் எழுத வேண்டும். பத்தில் நாலு புள்ளி அதற்கு. பிழையே விடாதவர் அதே கணக்கை வேறொரு வழியில் செய்துகாட்ட வேண்டும்.

துறைத் தலைவர் தியாகராசா சேர் ஒரு தவணைக்குத்தான் இதற்குச் சம்மதித்திருந்தார். சரிவராவிட்டால் பழையபடி விடைக்கு மட்டுமே புள்ளி.

தவணை முடிவில் உஷாந்தி மிஸ்ஸின் வகுப்புக்கு வந்த சேர், ஒரு கட்டுத் தாளை மேசையில் போட்டார். மேலே போகும் லிஃப்ட் நிற்கப்போகும்போது, உள்ளே நிற்பவரின் நிறை தராசில் கூடுமா குறையுமா என்பது கணக்கு. எல்லாத் தாளிலும், ‘மேலே போவதால் கூடும்.’ கீழே பச்சையில், ‘போகும் திசையைப் பார்த்து ஏமாந்தேன். வேகம் குறைவதைப் பார்த்திருக்க வேண்டும்.’ எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

“முந்தி விடையைக் கொப்பி அடிச்சாங்கள். இப்ப பிழையையும் அடிக்கிறாங்கள். உம்மட முறை சரிவராது, உஷாந்தி.”

மிஸ்ஸின் முகம் விழுந்தது. ஒரு கணம்தான். பிறகு ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். “இவ்வளவு நல்ல பிழையை யோசிச்ச ஆள் ஆர்?”

ஷிஹான் பயந்து பயந்து எழுந்தான். “நான்தான் மிஸ். சரியாத்தான் செஞ்சேன். மத்த வழி வெளங்கல்ல. அதான் ஆக்கள் நெசமாவே ஏமார்ற எடத்துல ஒரு பிழைய வெச்சேன். குரூப்புல போட்டதும் எல்லாரும் எடுத்துட்டாங்க.”

“ஏமாருற இடம் எப்பிடித் தெரியும்?”

“வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட் லிஃப்ட்டுல தராசு வெச்சு ஏறி எறங்கிப் பார்த்தேன். வாச்சர், ‘மல்லி, பிஸ்ஸுத?’ண்டு சிங்களத்துல கேட்டு, பைத்தியமாண்டு தலையத் தட்டிக் காட்டினார்.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சேர் மட்டும் சிரிக்கவில்லை. “நிக்கேக்க முள்ளு என்ன செய்தது?”

“கொறஞ்சு, பொறகு ஒரு துள்ளு துள்ளிச்சு சேர்.”

“துள்ளினதோ? ஏன்?”

சேர் மார்க்கரை ஷிஹானின் கையில் கொடுத்துவிட்டு, முன்வாங்கில் மாணவர்களோடு நெருக்கி உட்கார்ந்தார்.

“உஷாந்தி, நீர் ஒண்டும் சொல்லிக் குடுக்கப்படாது. அடுத்த தவணையும் இவங்கள் தாங்களே பிடிக்கட்டும்.”

பதில் நுனிநாக்கில் துடிக்க, உஷாந்தி மிஸ் இரண்டு கையாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.